பழைய டிஎஸ்எல்ஆர், ஒரே ஒரு லென்ஸ்: பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

புகைப்படக் கலையில் இறங்க ஆசைப்பட்டு "எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான். புதிது வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் கேமரா) ஒன்றை வாங்குங்கள். அதற்கு ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒன்றைப் பொருத்துங்கள். ஓராண்டுக்கு வேறு எதையும் வாங்காதீர்கள்.

இந்த யோசனைக்கு இதைவிட ஏற்ற காலம் முன்பு இருந்ததில்லை. 2018இல், அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்காக, நிக்கான் இசட் மவுண்டையும் கேனான் ஆர்எஃப் மவுண்டையும் (லென்ஸைப் பொருத்தும் அமைப்பு) கொண்டுவந்தன. 2020க்குப் பிறகு இவ்விரு நிறுவனங்களும் சொல்லிக்கொள்ளும்படி புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. கல்யாணப் படம் எடுப்பவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாற, அவர்கள் வைத்திருந்த பாடிகளும் (லென்ஸ் நீங்கலான கேமரா) லென்ஸ்களும் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. விலை இறங்கியதே தவிர படத்தின் தரம் இறங்கவில்லை. 2015இல் வந்த நிக்கான் டி7200இன் 24 மெகாபிக்சல் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு), வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு எந்தப் படத்தையும் அச்சிடப் போதுமானது.

இன்னொரு வசதியும் உண்டு. டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) தெரிவது திரை அல்ல, லென்ஸ் வழியாக வரும் வெளிச்சமே. பகல் பன்னிரண்டு மணி வெயிலிலும் காட்சி தெளிவாகத் தெரியும். திரையை ஓட்டத் தேவையில்லாததால் பேட்டரியும் நீடிக்கும். டி7200இன் ஒரு பேட்டரி 1,110 படங்கள் வரை தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. வீடியோதான் முதல் நோக்கம் என்றாலோ, ஓடும் குழந்தையின் கண்ணைத் தானாகப் பின்தொடரும் ஃபோகஸ் வேண்டும் என்றாலோ மிரர்லெஸ் வாங்குங்கள். மற்றவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

1. உங்கள் கைபேசியைப் புரட்டுங்கள்

கடைக்குப் போகும் முன், கடந்த ஓராண்டில் கைபேசியில் எடுத்த படங்களைப் பாருங்கள். குடும்ப நிகழ்ச்சிகளில் கடமைக்கு எடுத்தவற்றை விட்டுவிடுங்கள். யாரும் சொல்லாமல் நீங்களாகவே நின்று எடுத்தவை எவை? முகங்களா, தெருவா, கோயில் தூண்களா, மொட்டை மாடிக்கு வரும் கிளிகளா? உங்கள் கண் எங்கே போகிறது என்பதற்கு இதைவிட நம்பகமான சான்று கிடையாது.

பறவைகள்தான் அதிகம் என்றால் கணக்கே மாறிவிடும். குவியத் தூரம் 300 மி.மீ. வரை நீளும் லென்ஸ் வேண்டும் (அந்த எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது நெருங்கித் தெரியும்), பிரைம் யோசனை உங்களுக்குப் பொருந்தாது. வேறு எதுவாக இருந்தாலும் பொருந்தும்.

2. பாடி

சென்சார் அளவில் இரண்டு வகை முக்கியம். ஃபுல் ஃப்ரேம் என்பது 36×24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5×15.6 மி.மீ.; கேனானில் இன்னும் சற்றுச் சிறியது. ஃபுல் ஃப்ரேம் இருட்டில் நன்றாக வேலை செய்யும். ஆனால் எடையும் லென்ஸ் விலையும் கூடும். முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி போதும். தோளில் கனக்கும் கேமரா விரைவில் அலமாரிக்குப் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

நிக்கானில் என் தேர்வு டி7100 அல்லது டி7200. கேனானில் 70டி அல்லது 80டி. இவற்றைவிடக் கீழ் வரிசையில் உள்ள பாடிகள் மலிவு, எடையும் குறைவு. இருந்தும் இவற்றையே சொல்வதற்குக் காரணம், கட்டுப்பாட்டுச் சக்கரம் இரண்டு இருப்பது. கட்டை விரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று. அப்பர்ச்சரையும் (லென்ஸுக்குள் இதழ்களால் ஆன திறப்பு) வெளிச்ச அளவையும் கண்ணை எடுக்காமலே மாற்றலாம். மெனுவுக்குள் தேடிக்கொண்டிருந்தால் எதிரில் நிற்பவரின் சிரிப்பு போய்விடும்.

நிக்கானில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தமக்கென மோட்டார் இல்லாத, மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி7000 வரிசையில் அந்த மோட்டார் உண்டு. டி7000 என்ற முதல் பாடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிற்காலத்து ஏஎஃப்-பி லென்ஸ்கள் அதில் வேலை செய்யாது.

பேட்டரியும் கவனிக்க வேண்டியது. நான் சொன்ன நிக்கான் பாடிகள் இஎன்-இஎல்15 வகையையும், கேனான் பாடிகள் எல்பி-இ6 வகையையும் பயன்படுத்துகின்றன. அந்நிறுவனங்களின் மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் இதே குடும்பத்துப் பேட்டரிகளில் ஓடுவதால் அசல் பேட்டரி இன்றும் கிடைக்கிறது. ஃபுல் ஃப்ரேம்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் கேனான் 6டி, நிக்கான் டி610, டி750 ஆகியவற்றைப் பார்க்கலாம். டி600ஐ விட்டுவிடுங்கள். அதன் சென்சாரில் புள்ளிகள் விழும் கோளாறுக்காக 2014இல் நிக்கானே இலவசமாக ஷட்டரை (சென்சாரின் முன் திறந்து மூடும் திரை) மாற்றித் தருவதாக அறிவித்தது.

நிக்கானா கேனானா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள். எது விரல்களுக்கு இசைவாக இருக்கிறதோ அது உங்களுடையது.

கருவிப் பெருமைக்கு மருந்தாக ஒருவரைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். யானைகளையும் காட்டெருமைகளையும் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகள். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தாமே உருவாக்கிய ஒரு கேமராவை அவர் பயன்படுத்தினார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கடைக்காரர் தருவதைவிடத் தமக்கு என்ன தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

3. லென்ஸ்

பணத்தில் பாதியையாவது லென்ஸுக்கு ஒதுக்குங்கள். "50 மி.மீ. வாங்குங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் தம் வாழ்நாள் படங்களில் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் அவர் எடுத்தது 36×24 மி.மீ. ஃபிலிமில். அதே லென்ஸை ஏபிஎஸ்-சி பாடியில் மாட்டினால் நிக்கானில் 75 மி.மீ. போலவும் கேனானில் 80 மி.மீ. போலவும் காட்சி நெருங்கிவிடும். பத்துக்குப் பத்து அறையில் பாட்டியையும் பேத்தியையும் சேர்த்து எடுக்க நினைத்தால் முதுகு சுவரில் இடிக்கும்.

ஆகவே ஏபிஎஸ்-சிக்கு நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி டிஎக்ஸ், கேனானில் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் வாங்குங்கள் (எஃப் எண் குறையக் குறைய அப்பர்ச்சர் அகலத் திறக்கும்). இரண்டும் சிறியவை, கூர்மையானவை, விலையும் அடக்கம். முகங்கள் மட்டுமே எடுப்பவர் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 நல்ல தேர்வுதான்.

பாடியோடு கொடுக்கும் 18-55 கிட் லென்ஸ் மோசமானது இல்லை. ஆனால் 55 மி.மீட்டரில் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கும், எஃப் 2.8 நான்கு மடங்கும் வெளிச்சத்தை உள்ளே விடும். மாலை ஆறரை மணிக்குச் சமையலறையில் ஒரே குழல் விளக்கு எரியும்போது அந்த வித்தியாசம் தெரியும். அதற்கும் மேலாக, ஜூம் இல்லாதபோது காலால் நகர்ந்துதான் படத்தை அமைக்க வேண்டும். சில மாதங்களில், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே படச் சட்டத்துக்குள் எது விழும், எது விழாது என்று தெரியத் தொடங்கும். அந்த இடத்தை எட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் பெரிய இன்பம்.

4. கடையில் நின்று சோதிப்பது

பழைய கேமரா வாங்குவதில் அவசரம் கூடாத இடம் இதுதான். ஒரு சிறிய டார்ச், உங்கள் சொந்த மெமரி கார்டு, அன்றைய நாளிதழ் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். அசல் பில்லைக் கேட்டு, அதில் உள்ள வரிசை எண்ணும் பாடியில் உள்ள வரிசை எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

முதலில் லென்ஸ். அதைப் பாடியிலிருந்து கழற்றிக் கையில் வாங்குங்கள். கேனான் இஎஃப் லென்ஸ் என்றால் கழற்றிய நிலையில் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கும். நிக்கான் ஜி வகை லென்ஸில் மூடியிருக்கும். பின்பக்கம் உள்ள சிறிய நெம்புகோலை விரலால் தள்ளினால் திறக்கும். விட்டதும் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினாலோ இதழ்களில் பளபளப்பு தெரிந்தாலோ எண்ணெய் கசிந்திருக்கிறது என்று பொருள். இப்போது இதழ்களைத் திறந்து பிடித்தபடி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். நாலைந்து தூசித் துகள்கள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. பால் படிந்தது போன்ற மங்கல் இருந்தாலும் வேண்டாம். பூஞ்சை பிடித்த லென்ஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சில் அது அரித்த தடம் இருந்துவிடும்.

அடுத்து சென்சார். அப்பர்ச்சரை எஃப் 16இல் வைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100இல், ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கறுப்புப் புள்ளிகள் தூசி, சுத்தம் செய்துவிடலாம். கூர்மையான கீறல் தெரிந்தால் விலகிவிடுங்கள்.

ஷட்டருக்கு இரண்டு சோதனை. 1/4000 நொடியில் அதே சுவரை எடுங்கள். படத்தின் ஒரு ஓரம் மட்டும் இருண்டிருந்தால் ஷட்டர் தளர்ந்துவிட்டது. பிறகு, அது எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற கணக்கைக் கேளுங்கள். நிக்கான் அந்த எண்ணிக்கையைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும், கணினியில் படித்துவிடலாம். கேனானில் பெரும்பாலும் அப்படிக் கிடைக்காது. கேமராவைக் கணினியில் இணைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். டி7200இன் ஷட்டர் 1,50,000 முறைக்கும், 80டியின் ஷட்டர் 1,00,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அந்த எண்ணைத் தாண்டியதும் நின்றுவிடும் என்பதில்லை. ஆனாலும் நெருங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: மணிக்கணக்காக வீடியோ எடுத்த கேமராவின் ஷட்டர் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். முன்பு யார் வைத்திருந்தார், எதற்குப் பயன்படுத்தினார் என்றும் விசாரியுங்கள்.

நாளிதழ் எதற்கு? அதை மேசையில் விரித்து, கேமராவை ஏறக்குறைய 45 பாகை சாய்வில் பிடித்து, லென்ஸை முழுதாகத் திறந்து, நடுவில் ஒரு தலைப்பு வரியில் ஃபோகஸ் செய்யுங்கள். படத்தைப் பெரிதாக்கினால் அந்த வரிதான் மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். அதற்கு முன்வரியோ பின்வரியோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் பிசகுகிறது. டி7100, டி7200, 70டி, 80டி ஆகிய நான்கு பாடிகளிலும் அதை மெனுவிலேயே திருத்தும் வசதி உண்டு.

பேட்டரி உப்பியிருக்கிறதா, கார்டு செருகும் இடம் சரியாக இருக்கிறதா, எல்லாப் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பிடியின் ரப்பர் இளகி விரிந்திருப்பது சகஜம், ஒட்டிக்கொள்ளலாம்.

5. முதல் நாள் அமைப்பு

எதையும் தொடும் முன் வியூஃபைண்டர் ஓரத்தில் உள்ள சிறிய சக்கரத்தைத் திருகி, உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும்படி உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது மிக அவசியம். கேமரா மங்கல் என்று பலர் குறைப்படுவது பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான்.

பிறகு மோடு சக்கரத்தை நிக்கானில் 'ஏ', கேனானில் 'ஏவி' என்ற இடத்தில் வையுங்கள். அப்பர்ச்சரை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, உச்ச வரம்பை 3200 ஆகவும் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 ஆகவும் அமையுங்கள். ஓடியாடும் குழந்தைகளுக்கு 1/250. ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, நடுவில். கோப்பு வகையில் ரா (சென்சார் பதிந்தது அப்படியே), ஜேபெக் (கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய படம்) இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இன்று திருத்தத் தெரியாவிட்டாலும் இரண்டாண்டு கழித்து அந்த ரா கோப்புகளைத் தேடுவீர்கள்.

6. வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும்

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்கிடுகிறது. ஒரு பெரியவர் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு சுண்ணாம்புச் சுவர் முன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தில் பெரும்பகுதி வெள்ளை. "இவ்வளவு வெளிச்சம் கூடாது" என்று கேமரா குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், ஏற்கெனவே கறுத்த முகம் மைப்பூசியது போலாகும். நிக்கானில் வெளிச்சத் திருத்தப் பொத்தானை அழுத்திக்கொண்டும், கேனானில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திவிட்டுப் பின்சக்கரத்தைத் திருப்பியும் +1 வரை கூட்டுங்கள். முகம் எழுந்து வரும். வேட்டியின் மடிப்புகள் வெளுத்துப் போகாமல் இருக்கின்றனவா என்று ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறு கோயில் மண்டபம். இருண்ட பின்னணியில் ஒரு முகத்தின் மேல் மட்டும் சாளர வெளிச்சம் விழுகிறது. கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், தோல் வெளிறிப்போகும். அங்கே -1. நம் தோல் நிறத்தை வெளிற வைத்து 'அழகாக்குவது' எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. கறுப்பைக் கறுப்பாக, அதன் மினுமினுப்போடு பதிவு செய்வதுதான் திறமை. அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதத்தைச் செலவிட்டாலும் தகும்.

7. எப்போது, எங்கே

நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு அருகில். சூரியன் செங்குத்தாக ஏறுவதால் காலைப் பொன்வெயில் சீக்கிரமே முடிந்துவிடும். சென்னை ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் மத்தியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் எடுத்த முகங்களில் கண்குழி இரண்டும் இருண்டிருக்கும். மற்ற மாதங்களிலும் பத்து மணிக்கு மேல் ஏறக்குறைய இதே கதைதான்.

அப்போது திண்ணைக்கு வாருங்கள். நம் வீடுகளில் இருக்கும் மிகச் சிறந்த ஒளிக்கூடம் அது. வெயில் நேராக விழாது, எதிரே தெருவில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் மட்டும் மென்மையாக உள்ளே வரும். உட்கார வேண்டியவரை நிழல் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, தெருவைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் படிக்கட்டில் இறங்கி அவர் கண் மட்டத்துக்கு வாருங்கள். அப்பர்ச்சர் எஃப் 2.8. அவர் கண்ணுக்குள் தெரு ஒரு வெள்ளைச் சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரம் தெரிந்தால் கண் உயிரோடு இருக்கும். திண்ணை இல்லாத வீட்டில் வாசற்கதவைத் திறந்து வைத்தாலும் இதே வெளிச்சம்தான்.

கோயில் கட்டடக் கலையை எடுக்க விரும்புகிறவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று போக வேண்டும். ஒரே விமானம் இரண்டு வேளையிலும் இரண்டு விதமாகத் தெரியும். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் (முக்காலி) பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். இருண்ட இடத்தில் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டபடி மெதுவாக அழுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

8. மனிதர்களை எடுக்கும்போது

கேளுங்கள். "ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா அம்மா?" என்று கேட்பதால் இயல்பு கெட்டுவிடும் என்பார்கள். கேட்டுவிட்டு அங்கேயே சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் இயல்பு திரும்பி வந்துவிடும். பூ தொடுப்பவர் மீண்டும் நாரைப் பார்க்கக் குனிவார், மீன் வெட்டுபவர் அடுத்த வாடிக்கையாளரிடம் விலை பேசத் தொடங்குவார். அப்போது எடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் கேமராவை இறக்கிவிட வேண்டும்.

எடுத்ததில் நல்ல ஒன்றை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, அடுத்த முறை போகும்போது அவரிடம் கொடுங்கள். செலவு சொற்பம். தாளில் தம் முகத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆனவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு அந்தத் தெருவில் நீங்கள் அந்நியர் இல்லை. படங்களும் நெருக்கமாகும்.

9. கடலோரக் காற்றும் கேமராவும்

காற்றில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மழைக்காலச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அதைச் சொல்லவே வேண்டாம். கேமராவைத் தோல் பையிலோ துணி அலமாரியிலோ வைக்காதீர்கள். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீலம் இளஞ்சிவப்பானால், அல்லது ஆரஞ்சு பச்சையானால், அதை மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் வையுங்கள். மலிவான ஈரமானி ஒன்றையும் டப்பாவுக்குள் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். பாச்சா உருண்டை போடவே கூடாது.

குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸின் மேல் நீர்ப்படலம் படியும். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்துவிட்டுப் பிறகு எடுங்கள். காசிமேட்டுக்கோ மெரினாவுக்கோ போய் வந்தால், அன்றிரவே லேசாக நனைத்துப் பிழிந்த மென்துணியால் பாடியைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். உப்பு விடியும்வரை காத்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒரு முறையாவது கேமராவை வெளியே எடுங்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் படுகிற லென்ஸில் பூஞ்சை எளிதில் தங்குவதில்லை.

10. இரண்டாவது லென்ஸ்

ஓராண்டு முழுக்க ஒரே லென்ஸோடு திரியும்போது சின்ன நோட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியாமல் போனவற்றை மட்டும் அதில் எழுதுங்கள். "கரிச்சான் மின்கம்பியில், எட்டவில்லை." "கோபுரம் முழுதாக அடங்கவில்லை." "கொலுசின் வேலைப்பாடு, இன்னும் கிட்டப் போக முடியவில்லை." ஆண்டு முடிவில் எந்தக் குறை அடிக்கடி வருகிறது என்று எண்ணுங்கள். எட்டவில்லை என்பது அதிகமானால் நிக்கானில் ஏஎஃப்-பி 70-300, கேனானில் 55-250 எஸ்டிஎம். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை கரையில் நின்றே நத்தைகுத்தி நாரைகளை எடுக்க இவை உதவும். அடங்கவில்லை என்பது அதிகமானால் நிக்கானில் ஏஎஃப்-பி 10-20, கேனானில் 10-18 எஸ்டிஎம். கிட்டப் போக முடியவில்லை என்றால் உடனே மேக்ரோ லென்ஸ் (மிக அருகிலிருந்து எடுப்பதற்கானது) வாங்க ஓட வேண்டாம். இருக்கும் லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே பொருத்தும் நீட்டிப்புக் குழாய் ஒன்றை முதலில் வாங்கிப் பாருங்கள். ஏபிஎஸ்-சிக்கான 35 மி.மீ., 24 மி.மீ. லென்ஸ்களில் மிகக் குட்டையான குழாயே போதும். எந்தக் குழாயானாலும் மின்தொடர்பு முனைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது.